மூன்றாவது வாரத்தில் நின்றுவிடும் எடை

ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு வாரத்தில் மளமளவென்று ஐந்தாறு கிலோ இறங்கியிருக்கும். மூன்றாவது வாரம் எடை மெஷின் ஒரே எண்ணில் வந்து நிற்கும். சிலருக்கு அரைக் கிலோ கூடியும் காட்டும். தண்ணீரும் மோரும் வடிகட்டிய சூப்புமாகக் கழித்துவிட்டு, இப்போதும் கைக்குழந்தை சாப்பிடும் அளவுக்கே சாப்பிட்டுக்கொண்டிருப்பவருக்கு இது பெரிய அதிர்ச்சி. ‘லட்சக்கணக்குல செலவு பண்ணி, வயித்தையே வெட்டி எடுத்தும் நமக்கு மட்டும் இறங்கலையே’ என்ற நினைப்பு ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கும். தையல் விட்டுப்போச்சோ, வயிறு பழையபடி விரிஞ்சிருச்சோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும்.

எடையைக் குறைப்பதற்கான பேரியாட்ரிக் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பலரும் இந்த வாரத்தைத் தாண்டித்தான் வருகிறார்கள். இப்படி ஒரு வாரம் வரும் என்று ஆபரேஷனுக்கு முன்பே அழுத்திச் சொல்லிவிட்டால், எத்தனையோ பேருடைய கண்ணீர் மிச்சமாகும்.

நம் உடம்பு அவசரத் தேவைக்கென்று மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் கல்லீரலிலும் தசைகளிலும் சேமித்து வைத்திருக்கிறது. மொத்த இருப்பு அரைக் கிலோ அளவுக்குத்தான் இருக்கும். ஆனால், ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அறுவை சிகிச்சையை ஒட்டிய திரவ உணவு நாட்களில் இந்த இருப்பு கரைகிறது, அது பிடித்து வைத்திருந்த தண்ணீரும் சிறுநீராக வெளியேறிவிடுகிறது. மளமளவென்று இறங்கிய எடையில் கணிசமான பங்கு இந்தத் தண்ணீர்தான். பிறகு மசித்த உணவுக்கு மாறும்போது இருப்பில் ஒரு பகுதி திரும்ப நிரம்பும், தண்ணீரும் திரும்ப வந்து சேரும். அதே நாட்களில் கொழுப்பு கரைந்துகொண்டுதான் இருக்கிறது. கரையும் கொழுப்பும் ஏறும் தண்ணீரும் சரிக்குச் சரியாகிவிடுவதால் மெஷினில் ஒன்றும் தெரிவதில்லை.

டேப் வைத்து அளந்தால் தெரியும். எடை நின்றுபோன அதே வாரத்தில் ரவிக்கையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைக்கக் கொடுக்கிற பெண்கள் உண்டு, பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொள்கிற ஆண்கள் உண்டு. இடுப்பு, மார்பு, தொடை மூன்றையும் மாதம் இருமுறை அளந்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எடை மெஷினில் வாரத்துக்கு ஒரு தடவைக்கு மேல் ஏற வேண்டாம். தினமும் காலையில் ஏறி இறங்கும் பழக்கம் மனதைத்தான் அரிக்கும்.

நான்காம் மாதம், ஆறாம் மாதம் என்று நடுநடுவே இன்னும் சில தேக்கங்கள் வரும். 130 கிலோ உடம்பைத் தூக்கி நடக்க ஆகும் சக்தி 95 கிலோ உடம்புக்குத் தேவைப்படாது. எடை குறையக் குறைய உடம்பின் செலவும் குறைகிறது. அதற்கும் மேலே, பட்டினி வந்துவிட்டதென்று பயந்து உடம்பு தன் செலவைத் தானாகவே இன்னும் கொஞ்சம் இறுக்கும். உணவுக் கட்டுப்பாட்டாலும் கடும் உடற்பயிற்சியாலும் எடை குறைத்த ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியின் பங்கேற்பாளர்கள் 14 பேரை, ஆறு ஆண்டுகள் கழித்து ஆய்வாளர் கெவின் ஹால் குழுவினர் பரிசோதித்தார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வில், அவர்களுடைய உடம்பு ஓய்வு நிலையில் எரிக்க வேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே எரித்துக்கொண்டிருந்தது. இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் அதே குழு பார்த்தபோது, ஆறாம் மாதத்தில் இந்தச் சுணக்கம் இருந்தது, ஓராண்டு முடிவில் அது தெரியவில்லை. பாதிவழியில் எடை நின்றுவிட்டதே என்று மனம் உடைபவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

ஒன்று, ஒன்றரை ஆண்டில் வருவது வேறு வகைத் தேக்கம். பெரும்பாலானோருக்கு எடை இறங்குவது அதோடு முடிந்துவிடுகிறது. மனம் அதிகமாக உடைவதும் இங்கேதான். 165 செ.மீ. உயரம், 125 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயிற்றின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடும் ஸ்லீவ் முறையில் சராசரியாக மொத்த எடையில் 25 சதவீதம் குறையும். அவர் 94 கிலோவில் வந்து நிற்பார். பைபாஸ் என்றால் 30 சதவீதம், 88 கிலோவுக்குப் பக்கத்தில். ஆனால் அவர் மனதில் இருப்பதோ உயரத்துக்கேற்ற எடை அட்டவணை சொல்லும் 62 கிலோ. ஊரும் அதையே எதிர்பார்க்கிறது. கல்யாண வீட்டில் பார்க்கிற சித்தி, “என்னடி, ஆபரேஷன் பண்ணியும் இவ்ளோதானா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்வது நின்றதும், மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காததும் சித்திக்குத் தெரியாது.

சுவீடனில் 1987-ல் தொடங்கிய ஆய்வு ஒன்று, அறுவை சிகிச்சை செய்துகொண்ட இரண்டாயிரம் பேரையும் செய்துகொள்ளாத இரண்டாயிரம் பேரையும் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. முதல் இரண்டு ஆண்டுக்குள் எடை அடிமட்டத்தைத் தொட்டது. பிறகு பல ஆண்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, அப்புறம் நிலைத்தது. அப்படி ஏறியும்கூட, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடையே மரணங்கள் குறைந்திருந்ததை 2007-ல் அந்த ஆய்வு காட்டியது. நின்றுபோவதும் கொஞ்சம் ஏறுவதும் வெற்றி பெற்றவர்களின் கதையிலும் இருக்கிறது.

எடை நின்றதும் பலர் செய்வது, சாப்பாட்டை இன்னும் குறைப்பது. ‘வயித்தை ரீசெட் பண்றேன்’ என்று ஐந்து நாள் வெறும் திரவத்துக்குத் திரும்புகிறவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள். புரதம் போதாமல் போனால் உடம்பு தசையைக் கரைக்கும். தசை குறைந்தால் உடம்பின் செலவு இன்னும் குறையும், தேக்கம் இன்னும் இறுகும்.

காலைப் பலகாரத்தையே பாருங்கள். இரண்டு இட்லியில் உள்ள புரதம் சுமார் 4 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு நாளுக்கு 60 கிராமாவது வேண்டும், பலருக்கு 80 வரை தேவைப்படும். வயிறு கொள்வதோ வேளைக்கு ஒரு சின்னக் கிண்ணம். இட்லி முதலில் போனால் முட்டைக்கு இடம் இருக்காது. நம் சாப்பாட்டில் சோறு நடுவில் குவிந்திருக்கும், மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள ஓரத்தில் இருக்கும். அதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். மீன், கோழி, முட்டை, பனீர், சுண்டல் எதுவானாலும் அதுதான் முதலில். பிறகு பொரியல், கூட்டு. இடம் மிச்சமிருந்தால் இரண்டு வாய் சோறு.

இன்னொரு சங்கதி. சின்னதாக்கப்பட்ட வயிறு கெட்டியான உணவைத்தான் தடுத்து நிறுத்தும். இரண்டு துண்டு கோழிக்கறியிலேயே போதும் என்று சொல்லிவிடும் அதே வயிறு, ரசம் ஊற்றிக் குழையப் பிசைந்த சோற்றையும் டீயில் நனைத்த ரஸ்க்கையும் ஜூஸையும் ஒன்றும் சொல்லாமல் உள்ளே விட்டுவிடும். டிவி பார்த்தபடி கை வைக்கிற மிக்சர் டப்பாவும் அப்படித்தான், ஒரே வேளையில் தின்ன முடியாததை நாள் முழுக்கக் கொறித்துத் தீர்த்துவிடலாம். சாப்பிடும்போதே தண்ணீர் குடித்தால் உணவு சீக்கிரம் கீழே இறங்கிவிடும் என்பதால், சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் குடிக்கச் சொல்வார்கள். தேக்கம் நீடிக்கிறவர்கள் ஒரு வாரம் வாயில் போட்டதையெல்லாம், காபியில் போட்ட சர்க்கரை உட்பட, எழுதிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் கையில் கிடைத்துவிடும். நடைப்பயிற்சியோடு, எடை தூக்குவது போன்ற தசைக்கான பயிற்சியும் வேண்டும், மருத்துவர் அனுமதித்த பிறகு.

எனக்குப் பெரிய கவலை வேறு. எடை நின்றதும், குறிப்பாக ஏற ஆரம்பித்ததும், பலர் செக்கப்புக்குப் போவதையே விட்டுவிடுகிறார்கள். ‘எந்த முகத்தை வெச்சுக்கிட்டு டாக்டரைப் பார்க்கிறது’ என்ற கூச்சம். பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்த பிள்ளையைப் போல ஒளிந்துகொள்கிறார்கள். பசி ஹார்மோன்கள் மெல்லத் திரும்பி வருவதும், உடம்பு பழைய எடைக்கு ஏங்குவதும் இவர்கள் செய்த குற்றமில்லை. உடல்பருமன் நீண்ட நாள் நோய். ரத்த அழுத்தம் ஏறினால் கூசாமல் போய் மாத்திரையை மாற்றிக்கொள்கிறோமே, இதற்கும் அப்படித்தான் போக வேண்டும்.

போனால் செய்வதற்கும் நிறைய இருக்கிறது. எண்டோஸ்கோப்பி செய்து வயிற்றின் அமைப்பைப் பார்க்கலாம். செமாகுளுடைட், டிர்செபடைட் போன்ற ஊசி மருந்துகள் எடைக் குறைப்புக்காக 2025-ல் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டன. மறுபடி எடை ஏறும் சிலருக்கு மருத்துவர் மேற்பார்வையில் இவை பயன்படுகின்றன. மிகச் சிலருக்கு மறு அறுவை சிகிச்சையும் தேவைப்படலாம். எடை எப்படி இருந்தாலும் பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி அளவுகளை ஆயுள் முழுக்க ஆண்டுதோறும் பார்த்தாக வேண்டும். விடாமல் வாந்தி எடுத்தால் மட்டும் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே போய்விட வேண்டும். வாந்தி நீடித்து, தயமின் என்னும் பி1 குறைந்தால் நரம்பும் மூளையும் பாதிக்கப்படும்.

செக்கப்புக்குப் போகும்போது அந்த ஒரு வார உணவுக் குறிப்போடு, சாப்பிட்டுவரும் எல்லா மாத்திரைகளின் சீட்டையும் எடுத்துப் போங்கள். ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எடையை ஏற்றக்கூடியவை. அவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம். மாற்ற வழி இருந்தால் மருத்துவர் மாற்றித் தருவார்.