கோப்பும் குறிப்பும்

நுழையும்முன்

பொருளைச் சேர்ப்பது எளிது. சேர்த்தவற்றுள் எது எங்குள்ளது, எதற்கு உதவும் என அறிந்து வைத்திருப்பது அரிது. வீட்டுப் பரணுக்கும் நூலகத்துக்கும் பொருந்தும் இவ்வுண்மை கணினிக்கும் பொருந்தும். பழைய கணினியின் கோப்புறையில் உள்ளவற்றைத் தாளில் பட்டியலாக எடுக்கும் முறையையும் அதன் தேவையையும் இப்பாடம் விளக்குகிறது.

பட்டறையில் ஒரு கணினி

சென்னையிலிருந்து கொல்கத்தா செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழில் வளாகம் அமைந்துள்ளது. திருவள்ளூரை அடுத்துக் காக்களூர்த் தொழிற்பேட்டை உள்ளது. இவை போன்ற இடங்களில் உள்ள சிறு தொழிற்கூடங்களில், உலோகத்தைக் கடையும் சிஎன்சி எந்திரத்தின் அருகே பழைய கணினி ஒன்று இருப்பதுண்டு. எந்தப் பாகத்தை எந்த அளவில் கடைய வேண்டும் என்னும் நிரல்கள் அதில் கோப்புகளாக இருக்கும். கணினியை மாற்றினால் எந்திரத்தோடு அதனை இணைக்கும் வடத்தையும் மென்பொருளையும் மாற்ற நேரும். எனவே, ஓடும்வரை ஓடட்டும் என்று அதனை வைத்திருப்பர்.

அக்கணினி ஒருநாள் நின்றுவிட்டால் என்ன ஆகும்? இழந்தவை எவை என்று சொல்லக்கூட எவராலும் இயலாது. ஆகவே, முதலில் செய்ய வேண்டிய பணி பட்டியல் எடுப்பதே.

ஆணையும் விடையும்

1981ஆம் ஆண்டு ஐபிஎம் நிறுவனத்தின் தனியாள் கணினி வெளிவந்தது. அதில் இயங்கிய டாஸ் இயங்குதளத்தில் படங்களோ சுட்டியோ இல்லை. கரிய திரையில் ஆணையைத் தட்டச்சு செய்தால் கணினி விடையளிக்கும். ‘டைரக்டரி’ என்னும் ஆங்கிலச் சொல்லின் முதல் மூன்று எழுத்துகளான டி, ஐ, ஆர் ஆகியவற்றைத் தட்டச்சு செய்தால், கோப்புகளின் பெயர், அளவு, நாள், நேரம் ஆகியன வரிவரியாகத் திரையில் தோன்றும்.

இவ்விடையைத் திரைக்கு மாற்றாக வேறிடத்துக்கும் அனுப்பலாம். அதற்குரிய குறியீடு ‘>’ என்பது. வாய்க்காலில் மடையை மாற்றி நீரை வேறு வயலுக்குத் திருப்புவதைப் போன்றது இது. ஆணையை அடுத்து இக்குறியையும், அச்சுப்பொறியைக் குறிக்கும் பி, ஆர், என் ஆகிய எழுத்துகளையும் சேர்த்தால் பட்டியல் நேரே அச்சுப்பொறிக்குச் செல்லும். ஊசிகள் மைநாடாவைத் தட்டி எழுத்தைப் பதிக்கும் புள்ளி அச்சுப்பொறி வரிவரியாக அதனை அச்சிடும். லேசர் அச்சுப்பொறியோ பக்கம் நிறையும்வரை காத்திருக்கும்; தாளை வெளித்தள்ளும் பொத்தானை அழுத்தினால்தான் பாதிப்பக்கம் வெளிவரும்.

சாளரம் வந்த பின்னர்

விண்டோஸ் இயங்குதளத்தில் கோப்புகள் சிறு படங்களாயின. ஆனால், கோப்புறையின் பட்டியலை அச்சிடுவதற்கென்று அதில் தனிப் பொத்தான் இல்லை. பழைய ஆணைச் சாளரமே அங்கும் துணைசெய்கிறது. யுஎஸ்பி வடத்தில் இணைந்த அச்சுப்பொறிக்குப் பழைய வழி பெரும்பாலும் பயன்படாது. ஆதலால், பட்டியலை உரைக்கோப்பாகச் சேமித்து, நோட்பேடில் திறந்து அச்சிட வேண்டும். ஆணையோடு சாய்கோடும் ‘பி’ என்னும் எழுத்தும் சேர்த்தால் பெயர்கள் மட்டும் கிடைக்கும். ‘எஸ்’ சேர்த்தால் உட்கோப்புறைகளும் அடங்கும்.

இங்கு எச்சரிக்கை ஒன்று தேவை. பட்டியலுக்குச் சூட்டும் பெயரில் முன்பே ஒரு கோப்பு இருந்தால், கணினி கேளாமலேயே அதனை அழித்துப் புதியதை எழுதிவிடும். ‘>>’ என்று இருமுறை இட்டால் பழையது அழியாது. புதியது அதன் இறுதியில் சேரும். காக்க முனைந்த கையே அழித்துவிடக் கூடாது அல்லவா?

தெரியுமா?

பட்டியலை அதே கோப்புறையில் சேமித்தால், அப்பட்டியலின் பெயரும் பட்டியலில் இடம்பெறும். கணினி முதலில் வெற்றுக்கோப்பை உருவாக்கிவிட்டுப் பின்னரே கோப்புகளை எண்ணத் தொடங்குவதே இதற்குக் காரணம்.

தமிழ்ப் பெயர்கள்

கோப்புகளுக்குத் தமிழில் பெயரிட்டிருந்தால் பட்டியலில் எழுத்துகளுக்கு மாற்றாகக் கேள்விக்குறிகள் நிற்கக்கூடும். கோப்பு பழுதடையவில்லை, பழைய எழுத்துத் தொகுதியில் தமிழுக்கு இடமில்லை என்பதே பொருள். 1991ஆம் ஆண்டு வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. ஆணைச் சாளரத்தைத் திறக்கும் ‘சிஎம்டி’ என்னும் சொல்லோடு சாய்கோடும் ‘யு’ என்னும் எழுத்தும் சேர்த்துத் திறந்தால், பட்டியல் ஒருங்குறியில் எழுதப்படும். தமிழ்ப் பெயர்கள் தமிழாகவே நிற்கும்.

கல்லும் குறிப்பும்

பட்டியலின் அருமையை உணர்த்தும் சான்று திருவள்ளூர் மாவட்டத்திலேயே உண்டு. நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் 1863ஆம் ஆண்டு அத்திரம்பாக்கத்தில் பழைய கற்காலக் கருவிகளைக் கண்டறிந்தார். அவர் திரட்டிய கருவிகள் சென்னை அரசு அருங்காட்சியகத்தை அடைந்தன. அவர் உருவாக்கிய விளக்க அட்டவணை, அவர் மறைந்தபின் 1914இல் வெளியாயிற்று. எங்கே கிடைத்தது என்னும் குறிப்பு இல்லையெனில், கற்கருவியும் ஆய்வாளருக்கு வெறுங்கல்லாகவே நின்றுவிடும்.

பேனாவின் பங்கு

பழைய டாஸில் கோப்பின் பெயர் எட்டெழுத்துக்கும், அதன் வகையைக் குறிக்கும் ஒட்டு மூன்றெழுத்துக்கும் மேற்படக் கூடாது. அதனால், பெயர்கள் சுருங்கிக் குறிச்சொற்கள் ஆயின. அவற்றின் பொருளை அறிந்தவர், பல்லாண்டு அவ்வெந்திரத்தில் உழைத்த மூத்த தொழிலாளியாக இருப்பார். அவர் ஓய்வுபெறும் நாளில் கோப்புகள் கணினியிலேயே இருக்கும். அவற்றின் பொருளோ அவரோடு வெளியேறிவிடும்.

ஆகவே, பட்டியலை அச்சிட்டு அவர் கையில் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் இது எந்தப் பாகம், எந்த உளிக்கு உரியது, இன்றும் பயன்படுகிறதா என்று பேனாவால் எழுதச் சொல்ல வேண்டும். திரையில் ஓடிமறையும் பெயர்கள் அப்போதுதான் அறிவாக மாறும்.

பட்டியல் கோப்புக்கு ஈடாகாது. கோப்புகளைத் தனியே படியெடுத்து வைத்தலும் வேண்டும். எனினும், எவற்றைப் படியெடுக்க வேண்டும் என்று சொல்வது பட்டியலே. நாளை தொழிற்கூடத்திலோ அலுவலகத்திலோ பழைய கணினியின் முன் நீங்கள் அமர நேரிடலாம். அன்று பட்டியலை அச்சிடுங்கள், நாளைக் குறியுங்கள், அதன் பின்னர், அறிந்தவரிடம் சென்று கேளுங்கள்.