ஆறு சொல்லும் எண்கள்

ஜொகூர் மாநிலத்தின் மூவார் நகரை ஒட்டி ஓடும் மூவார் ஆறு, அந்நகரின் அருகே மலாக்கா நீரிணையில் கலக்கிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் மூவார், சிகாமட் முதலிய மாவட்டங்கள் பாதிக்கப்பட்டன. எனவே, ஆற்றின் நீர்மட்டத்தைத் தொடர்ந்து அளப்பது உயிர்காக்கும் பணியாகும். நீர்ப்பாசன வடிகால் துறை நீர்மட்டத்தை இயல்பு, விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளாக வகுத்துப் பொதுமக்களுக்கு அறிவிக்கிறது.

இத்தகைய அளவுகளைச் சேமிக்க உறவுசார் தரவுத்தளம் பயன்படும். ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் 1970இல் முன்மொழிந்த இம்முறையில், தகவல்கள் அட்டவணைகளாக அமைகின்றன. பொதுவாக, அட்டவணையின் ஒரு கட்டத்தில் ஒரு மதிப்பே இருக்கும். ஆனால், 15 நிமிடத்திற்கு ஒருமுறை நீர்மட்டத்தை அளந்தால், ஒரு நாளில் 96 எண்கள் சேரும். போஸ்ட்கிரெஸ் எனும் தரவுத்தளம் இந்த 96 எண்களையும் ஒரே கட்டத்தில் வரிசையாக வைக்க இடமளிக்கிறது. இத்தொகுப்பே அணி எனப்படும்.

அணியை இரு வடிவங்களில் மீட்டெடுக்கலாம். எழுத்து வடிவில், 258 சென்டிமீட்டர் என்ற அளவு 2, 5, 8 என்ற மூன்று எழுத்துருக்களாக வரும். பெறும் நிரல் அவற்றை மீண்டும் எண்ணாக மாற்ற வேண்டும். இரும வடிவில், அதே எண் 0, 0, 1, 2 என்ற நான்கு பைட்டுகளாக வரும். 256ஐ ஒருமுறையும் 1ஐ இருமுறையும் கூட்டினால் 258 கிடைக்கும். எழுத்தை எண்ணாக மாற்றும் வேலை இங்கு இல்லை.

ஆயினும், இரும வடிவம் எப்போதும் சிறியதாக இருக்கும் எனக் கருதக்கூடாது. அணியின் தொடக்கத்தில் அதன் பரிமாணம், எண்களின் வகை, எண்ணிக்கை ஆகிய குறிப்புகள் வருகின்றன. ஒவ்வோர் எண்ணுக்கு முன்பும் அதன் நீளம் குறிக்கப்படுகிறது. ஆகவே, சிறிய எண்களுக்கு எழுத்து வடிவமே குறைந்த இடம் பிடிக்கலாம்.

மேலும், பைட்டுகளின் வரிசையிலும் கவனம் தேவை. போஸ்ட்கிரெஸ் பெரிய மதிப்புடைய பைட்டை முதலில் அனுப்புகிறது. இன்றைய பெரும்பாலான கணினிகளோ சிறிய மதிப்புடையதை முதலில் வைக்கின்றன. வரிசையைத் திருத்தாமல் படித்தால், 258 என்பது 33,619,968 ஆகிவிடும். ஆற்றுநீர் 336 கிலோமீட்டர் உயர்ந்ததாகக் கணினி காட்டும்!

பொய்யான எச்சரிக்கை மக்களை வீணாக அலைக்கழிக்கும். அடுத்து வரும் உண்மையான எச்சரிக்கையின் மீதும் நம்பிக்கை இழக்கச் செய்யும். எனவே, தரவை அனுப்பும் முறையும் படிக்கும் முறையும் ஒத்திருப்பது மிக இன்றியமையாதது.