டனல் கிரீக்: அனுபவசாலிகள் சிக்கிய பனிச்சரிவு

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கேஸ்கேட் மலைத்தொடரில் உள்ளது ஸ்டீவன்ஸ் பாஸ் பனிச்சறுக்கு மையம். புதுப்பனி விழுந்தால், மையத்தின் எல்லைக்குள் காவல் குழுவினர் வெடி வைத்து ஆபத்தான பனியை முன்கூட்டியே சரித்துவிடுவார்கள். எல்லைக்கு வெளியே, கௌபாய் மலையின் பின்புறம் இறங்கும் டனல் கிரீக் சரிவுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. சுமார் 3,000 அடி இறக்கமும் தடம் பதியாத பனியும் தேர்ந்த சறுக்கு வீரர்களை அங்கே இழுத்துவந்தன. 2012 பிப்ரவரி 19 அன்று நண்பர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களுமாக 16 பேர் அந்த உச்சியில் கூடினர். அவர்களில் மூவர் அன்று உயிரிழந்தனர்.

அந்த விபத்துக்கான சூழல் பல நாள்களுக்கு முன்பே உருவாகிவிட்டது. மேகமில்லாத, காற்று அடங்கிய குளிர் இரவுகளில் பனியின் மேற்பரப்பில் இறகு போன்ற மெல்லிய படிகங்கள் முளைக்கும். பிப்ரவரித் தொடக்கத்தில் ஸ்டீவன்ஸ் பாஸில் அவை உருவாகி, பின்னர் விழுந்த பனியில் புதைந்தன. இத்தகைய படிகங்கள் மேலடுக்கையும் கீழடுக்கையும் ஒட்டவிடாது. அவற்றின்மேல் ஒரு புயல் இரண்டு அடிக்கும் அதிகமான புதுப்பனியைக் கொட்டியது. இந்த நிலையில் ஒரு மனிதரின் எடைகூட அடியில் உள்ள வலுவற்ற அடுக்கை நொறுக்கப் போதும். விரிசல் நொடிகளில் பரவ, மேலே இருக்கும் பனி முழுப் பாளமாகப் பெயர்ந்து சரியும். 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களில்தான் இது பெரும்பாலும் நிகழ்கிறது. சறுக்குபவர்கள் விரும்பித் தேடுவதும் அதே சாய்வைத்தான். உயிரைப் பறிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை, சிக்கியவராலோ அவருடன் வந்தவராலோ தூண்டப்பட்டவையே.

அன்றைய பனிச்சரிவு முன்னறிவிப்பு அறிக்கை உயரமான சரிவுகளில் ஆபத்து அதிகம் என்று எச்சரித்திருந்தது. குழுவில் பலர் அதை அறிந்திருந்தனர். தொழில்முறை சறுக்கு வீரர்களும், அந்த மலையை நன்கு அறிந்த உள்ளூர்வாசிகளும் அதில் இருந்தனர். இத்தனை பேர் ஒன்றாகப் போவது சரியல்ல என்று சிலருக்குத் தோன்றியும், யாரும் அதை உரக்கச் சொல்லவில்லை. இறக்கத்தின்போது பாளம் பெயர்ந்து நால்வரை அடித்துச் சென்றது. காற்று நிரம்பி விரியும் ஏர்பேக்கை இயக்கியிருந்த ஒரு வீராங்கனை மட்டும் பிழைத்தார். ஜான் பிராஞ்ச் இந்த நிகழ்வை ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழில் விரிவாக எழுதி, 2013-இல் புலிட்சர் பரிசு பெற்றார்.

அறிந்தவர்கள் ஏன் இப்படிச் சிக்குகிறார்கள் என்பதை ஆய்வாளர் இயன் மெக்காமன் ஆராய்ந்திருக்கிறார். 1972 முதல் 2003 வரை அமெரிக்காவில் நடந்த 715 பனிச்சரிவு விபத்துகளை அவர் அலசினார். பழகிய இடம் என்ற துணிச்சல், வகுத்த திட்டத்தை விடாத பிடிவாதம், மற்றவர் மதிப்பைப் பெறும் ஆசை, அனுபவசாலி பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கை, அடுத்தவர் முந்திவிடுவாரோ என்ற அவசரம், மற்றவர்களும் போகிறார்களே என்ற தைரியம் ஆகியவை முடிவெடுக்கும் திறனை மழுங்கடிக்கின்றன என்று அவர் காட்டினார். டனல் கிரீக்கில் இவற்றில் பலவும் சேர்ந்தே இருந்தன.

கருவிகள் ஓரளவே உதவும். புதையுண்டவரின் இடத்தை டிரான்ஸீவர் என்ற சமிக்ஞைக் கருவி காட்டும். துழாவும் கம்பி ஆழத்தைச் சொல்லும். மண்வாரியால் தோண்ட வேண்டும். முதல் 10 நிமிடங்களுக்குள் வெளியே எடுக்கப்படுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி நேரம் கடந்தால் அந்த விகிதம் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. மரத்திலோ பாறையிலோ மோதி ஏற்படும் காயத்துக்கு எந்தக் கருவியும் மருந்தல்ல.

எனவே முக்கியமான பாதுகாப்பு, புறப்படும் முன் எடுக்கும் முடிவுதான். எச்சரிக்கை அறிக்கையைச் சேர்ந்து படிப்பது, குழுவைச் சிறிதாக வைத்துக்கொள்வது, சரிவில் ஒருவர் பின் ஒருவராக இறங்கி பாதுகாப்பான இடத்தில் காத்திருப்பது ஆகியவை அடிப்படை விதிகள். இவற்றுடன், ஒருவர் ‘வேண்டாம்’ என்றாலும் அனைவரும் திரும்ப வேண்டும் என்ற ஒப்பந்தமும் தேவை. நண்பர் குழுவில் மிகவும் புதியவருக்கும் அந்த உரிமை இருக்க வேண்டும்.