மனு கொடுக்காமலே வந்த நாலாயிரம்

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலையில் ஊர்கள் அடைபட்டுக் கிடந்த நேரம். தமிழ்நாட்டின் ரேஷன் கடைகளில் அரிசி அட்டை வைத்திருந்த 2 கோடியே 7 லட்சம் குடும்பங்களுக்குத் தலா 2,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுக்கப்பட்டது. அடுத்த மாதம் இன்னொரு 2,000. இதற்காக யாரும் மனு எழுதவில்லை. வருமானச் சான்றுக்கு அலையவில்லை. கடை ஊழியர் வீட்டுக்கே வந்து டோக்கன் கொடுத்தார். குறித்த நாளில் போனவர்கள் பணத்தோடு திரும்பினார்கள்.

அதே அட்டையில் பெயர் உள்ள 65 வயதுப் பாட்டி ஒருவர், மாதாந்திர முதியோர் உதவித்தொகை கேட்டுப் போகும்போது கதை வேறு. இ-சேவை மையத்தில் விண்ணப்பம் பதிவாகிறது. அது கிராம நிர்வாக அலுவலரான வி.ஏ.ஓ.வுக்குப் போகிறது, அங்கிருந்து வருவாய் ஆய்வாளருக்கு, பிறகு சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி தாசில்தாருக்கு. ஆதரவற்றவர்தானா, சொத்து உண்டா, பார்த்துக்கொள்ளப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரணை நடக்கும். இடையில் எங்காவது மனு நின்றுவிட்டால், எந்த மேசையில் நிற்கிறது என்று அந்தப் பாட்டிக்குச் சொல்ல ஆளில்லை. "ஓ.ஏ.பி. (முதியோர் உதவித்தொகை) வாங்கித் தர்றேன்" என்று புரோக்கர் ஒருவர் முளைப்பது இந்த இடைவெளியில்தான்.

இத்தனைக்கும் இது நேற்று வந்த திட்டமில்லை. 1962-ல் மாதம் 20 ரூபாயோடு தொடங்கியது. 2011-ல் ஆயிரமாகி, 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. தொகை பல முறை உயர்ந்திருக்கிறது. அதைப் பெறும் வழி மட்டும் அந்த அளவுக்கு எளிதாகவில்லை.

மனுதாரரிடம் கேட்கப்படும் காகிதங்களில் பெரும்பாலானவை அரசே கொடுத்தவை. ஆதார், ரேஷன் அட்டை, வருமானச் சான்று, பட்டா எல்லாமே ஏதோ ஓர் அரசு அலுவலகத்தின் கணினியில் ஏற்கெனவே இருப்பவை. ஒரு துறை கொடுத்ததை இன்னொரு துறையிடம் காட்ட, நடக்க முடியாதவர்கள் ஜெராக்ஸ் கடைக்கும் தாலுகா ஆபீசுக்கும் நடக்கிறார்கள். வருமானச் சான்றுக்கு ஆயுள் ஓராண்டுதான். கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் மாணவர் வீட்டில் இந்தச் செலவும் அலைச்சலும் வருடாவருடம் உண்டு. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம்.

இந்த அலைச்சலை மாற்ற முடியும் என்பதைக் காட்டும் ஒரு பெரிய சோதனை 2023-ல் நடந்தது. பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பங்களை ரேஷன் கடை ஊழியர்களே வீடு தேடிப் போய்க் கொடுத்தார்கள். வருமானச் சான்றோ நில ஆவணமோ இணைக்க வேண்டாம் என்று அரசு முதலிலேயே அறிவித்தது. ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நன்செய் ஐந்து ஏக்கருக்குள் அல்லது புன்செய் பத்து ஏக்கருக்குள், ஆண்டு மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள் என்பவை முக்கிய வரம்புகள். விண்ணப்பதாரர் சொன்னதை, மற்ற துறைகளின் பதிவுகளோடு அரசே ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டது. ஜூலை இறுதியில் முகாம்கள் தொடங்கின. செப்டம்பர் 15-ல் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு ஆயிரம் ரூபாய் போய்ச் சேரத் தொடங்கிவிட்டது. ஏழெட்டு வாரத்தில் இந்த வேலை முடிந்திருக்கிறது.

இதில் குறை இல்லாமல் இல்லை. விண்ணப்பித்தவர்கள் 1 கோடியே 63 லட்சம் பேர். மூன்றில் ஒருவருக்கு மேல் தள்ளுபடி. இவர்களில் தகுதி உள்ளவர்களும் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு குடும்பங்கள் ஒரே மீட்டரில் வாழும் வீட்டை 3,600 யூனிட் கணக்கு எப்படி அளக்கும்? ஆனால் இந்தத் திட்டம் அங்கேயும் ஒரு நல்ல காரியம் செய்தது. நிராகரித்த காரணத்தைக் குறுஞ்செய்தியில் சொன்னது. 30 நாளுக்குள் கோட்டாட்சியரிடம் இ-சேவை வழியே மேல்முறையீடு செய்யலாம் என்றும், அவர் 30 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் வகுத்தது. அந்த நவம்பரில் 7 லட்சத்து 35 ஆயிரம் பெண்கள் புதிதாகச் சேர்க்கப்பட்டார்கள். மறுபடி கேட்க ஒரு வழி இருந்ததால்தான் அவர்கள் உள்ளே வந்தார்கள். இல்லாவிட்டால் அத்தனை பேரும் 'தகுதியற்றவர்' என்ற ஒற்றைச் சொல்லோடு வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

இன்னொரு பாடம், கல்லூரி மாணவிகளுக்கு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டத்தில் இருக்கிறது. 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கிய இத்திட்டத்தில் வருமான வரம்பே கிடையாது. தொடங்கியபோது, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்து, மாணவி கல்லூரியில் சேர்ந்தாளா என்பதுதான் முக்கியமான கேள்வியாக இருந்தது. பதில் பள்ளிக் கல்வித் துறையின் பதிவிலேயே இருக்கிறது. விண்ணப்பமும் கல்லூரி வழியாகவே போகிறது. நிபந்தனை குறைந்தால் சான்று குறையும், சான்று குறைந்தால் கை நீட்டுகிறவர்களும் குறைவார்கள்.

கணினி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புவதும் தவறு. ஆயுசு முழுக்க நாற்று நட்ட கைகளில் ரேகை தேய்ந்துபோகும். உதவித்தொகையைக் கொடுக்க வங்கித் தொடர்பாளர் கொண்டுவரும் கைரேகைக் கருவியில் "ரேகை விழவில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்ட முதியவர்களைக் கிராமங்களில் இன்றும் பார்க்கலாம். கருவி தோற்றால் ஆளைப் பார்த்துப் பணம் கொடுக்கும் மாற்று வழி, வாயால் சொல்லப்படாமல் எழுத்தில் இருக்க வேண்டும்.

தாமதத்துக்கு ஒரு விலையும் வைக்க வேண்டும். மத்தியப் பிரதேசம் 2010-லேயே பொதுச் சேவை உத்தரவாதச் சட்டம் கொண்டுவந்தது. கெடு தாண்டினால் பொறுப்பான அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை அபராதம். பிறகு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின. தமிழ்நாட்டிலும் சேவை உரிமைச் சட்டம் வேண்டும் என்ற கோரிக்கை நீண்ட காலமாக இருக்கிறது. அது நியாயமான கோரிக்கை.

ஒரு கோடிப் பெண்களை ஏழெட்டு வாரத்தில் தேடிக் கண்டுபிடித்த அரசு, ரேஷன் அட்டைப் பட்டியலிலிருந்தே 60 வயது தாண்டிய ஏழைகளை எடுத்து, வி.ஏ.ஓ.வை அவர்கள் வீட்டுக்கு அனுப்ப முடியும். தள்ளுபடி செய்தால், மகளிர் உரிமைத் தொகையில் செய்ததுபோலக் காரணத்தையும் கெடுவையும் சொல்ல முடியும். ஓ.ஏ.பி.க்கு இதைச் செய்வது இப்போதே ஆகக்கூடிய வேலை.

அதுவரை, உங்கள் தெருவில் மனு போட்டுவிட்டுக் காத்திருக்கும் முதியவர் யாராவது இருந்தால், அவரிடம் ஒப்புகைச் சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். அதிலுள்ள எண்ணைச் சொல்லி முதல்வரின் உதவி மையத்தின் 1100-ஐ அழையுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளுக்கு முடிந்தால் அவரோடு நீங்களும் போய்வாருங்கள்.