இருதய அறுவைக்குப் பின் மறதி: கொழுப்பு மாத்திரைதான் காரணமா?

பால்மரக் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் உழைத்து ஓய்ந்த நம் தோட்ட மக்களுள் பலர் இன்று இருதய நோய்க்கு ஆளாகின்றனர். நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து சிரம்பான் துவாங்கு ஜாபார் மருத்துவமனையை நாடுவோருள் அறுவை தேவைப்படுவோர், 1992ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தொடங்கப்பெற்ற தேசிய இருதயக் கழகம் போன்ற நிலையங்களுக்கு அனுப்பப்படுகின்றனர்.

அறுவை முடிந்து வீடு திரும்பியோர் சிலருக்கு மறதி ஏற்படுகிறது. வைத்த பொருள் நினைவில் இல்லை. பேரனின் பெயர் நாவில் வரவில்லை. உடனே பழி கொழுப்பு மாத்திரையின்மேல் விழுகிறது, மாத்திரையை நிறுத்திவிடுகின்றனர். இது சரியா?

மறதிக்குக் காரணம் என்ன?

மயக்க மருந்து, உடல் அழற்சி, தூக்கமின்மை, வலி மருந்து ஆகியவை மூளையைச் சில காலம் தளர்த்துகின்றன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மருத்துவர்கள் இத்தகைய அறுவை செய்துகொண்ட 261 பேரைச் சோதித்து, 2001இல் முடிவை வெளியிட்டனர். மருத்துவமனையை விட்டுச் செல்லும்போது 53 விழுக்காட்டினரிடம் அறிவாற்றல் குறைந்திருந்தது. ஆறு மாதத்தில் அது 24 விழுக்காடாயிற்று. ஐந்தாண்டுக்குப் பின் 42 விழுக்காடாக மீண்டும் உயர்ந்தது. ஆயின், அறுவை செய்துகொள்ளாத இருதய நோயாளிகளிடமும் நாளடைவில் இத்தகைய தளர்ச்சி காணப்படுவதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. இரத்தக் குழாய் நோய் இருதயத்தோடு மூளையையும் தாக்குவதே இதற்குக் காரணமாகக் கருதப்படுகிறது.

மாத்திரையின் பங்கு

சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் முதலிய மாத்திரைகள் கல்லீரலில் கொழுப்பு உற்பத்தியாவதைக் குறைக்கின்றன. சிலருக்கு மறதி நேர்ந்ததாக முறையீடுகள் வந்தமையால், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2012இல் அதனை மருந்துக் குறிப்பில் சேர்க்கச் செய்தது. அவை பெரும்பாலும் கடுமையற்றவை. மருந்தை நிறுத்தியதும் நீங்கியவை. பிரிட்டனில் 20,536 பேரிடம் நடத்தப்பெற்று 2002இல் வெளியான ஆய்விலோ, மாத்திரை உண்டோர்க்கும் உண்ணாதோர்க்கும் நினைவாற்றலில் வேறுபாடு இல்லை. மாரடைப்பும் பக்கவாதமும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தன. அதே வேளையில், இம்மாத்திரை அறுவையின்போது மூளையைக் காக்கும் என்ற நம்பிக்கையும் மெய்ப்பிக்கப்படவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

மாத்திரையைத் தாமே நிறுத்துதல் கூடாது. புதிய குழாயும் அடைபட அது வழி வகுக்கும். மறதி தொடங்கிய நாளையும் உண்ணும் மருந்துகள் அனைத்தையும் குறித்துக்கொண்டு, அருகிலுள்ள அரசாங்க சுகாதார நிலையத்து மருத்துவரிடம் காட்டுங்கள். குடிமக்களுக்கு அங்குக் கட்டணம் 1 ரிங்கிட்டே. வேண்டுமாயின் அவர் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மாத்திரை தருவார். தசைவலி மிகுந்து சிறுநீர் கறுத்தாலும் தாமதியாமல் கூறுங்கள். வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ அது வெறும் மறதியன்று. உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

வீட்டிலுள்ளோர் முதியவரைக் கடிந்துகொள்ளாமல், மாத்திரையை வேளைதோறும் எடுத்துக் கொடுப்பதே அவருக்குச் செய்யும் பேருதவியாகும்.