உங்கள் கார், உங்கள் கையில் – 9: ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட்

சென்ற வாரம் செக் இன்ஜின் விளக்கோடு நிறுத்தியிருந்தோம். விளக்கு எரிகிறது, எதற்கென்று டேஷ்போர்டு சொல்லாது. "ஸ்கேன் போட்டாத்தான் சார் தெரியும்" என்பார் மெக்கானிக். அந்த ஸ்கேனை நம் போனிலேயே போட்டுக்கொள்ளலாம்.

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் அகலமாக, மறுபக்கம் குறுகலாக, இரண்டு வரிசையில் 16 துளைகளோடு ஒரு சாக்கெட் தட்டுப்படும். சில வண்டிகளில் ஃபியூஸ் மூடிக்குள் ஒளிந்திருக்கும். இது கார் கம்பெனிகள் பிரியப்பட்டுக் கொடுத்த வசதி அல்ல. லாஸ் ஏஞ்சலிஸின் புகைமூட்டத்தோடு மல்லுக்கட்டிய கலிபோர்னியா காற்றுவள வாரியம், புகைக் கட்டுப்பாட்டில் பழுது வந்தால் வண்டியே அதைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்று விதி போட்டது. 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுக்க ஒரே மாதிரி சாக்கெட், பழுதைச் சொல்ல ஒரே மாதிரி கோடுகள் (குறியீடுகள்). இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் ஓபிடி-2. நம் நாட்டில் பிஎஸ்-4 கார்களுக்கு ஓபிடி-2 கட்டாயமானது 2013-ல். அதற்கு முந்தைய வண்டியில் சாக்கெட் இருந்தாலும் எல்லா விவரமும் வந்துவிடாது.

இதில் செருகும் அடாப்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெட்டியில் ஈஎல்எம்327 என்று போட்டிருக்கும். கனடாவின் எல்ம் எலெக்ட்ரானிக்ஸ் செய்த சிப்பின் பெயர் அது. அந்த நிறுவனம் 2022-ல் கடையை மூடிவிட்டது. மலிவாகக் கிடைப்பவை நகல்கள். சில கட்டளைகள் அவற்றுக்குப் புரியாது என்றாலும், கோடு படிக்கும் அளவுக்குப் பெரும்பாலும் தேறிவிடும்.

வாங்குமுன் உங்கள் போன் எது என்று பாருங்கள். ஆண்ட்ராய்டுக்குச் சாதாரண ப்ளூடூத் அடாப்டர் போதும். ஐபோன் அதோடு பேசாது; வைஃபை வகையோ ப்ளூடூத் லோ எனர்ஜி வகையோ வேண்டும். நல்ல அடாப்டரையே 'டூப்ளிகேட்' என்று திட்டித் திருப்பிக் கொடுப்பவர்களில் பலர் சறுக்கியது இங்கேதான் என்பது என் சந்தேகம்.

அடாப்டரைச் செருகியதும் அதில் சிவப்பு விளக்கு எரியும். வண்டி தயார் என்று அதற்கு அர்த்தமில்லை. சாக்கெட்டின் 16-வது பின்னில் பேட்டரி கரண்ட் எப்போதும் இருக்கிறது. சாவியே போடாவிட்டாலும் விளக்கு எரியும். இன்ஜின் கம்ப்யூட்டர் (ஈசியு) விழித்திருக்க இக்னிஷன் ஆனில் இருக்க வேண்டும். பட்டன் ஸ்டார்ட் வண்டியென்றால், பிரேக், கிளட்ச் எதையும் மிதிக்காமல் டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் எரியும்வரை பட்டனை அழுத்துங்கள். 'அடாப்டர் கிடைத்தது, ஈசியு பதில் தரவில்லை' என்று ஆப் முரண்டு பிடித்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

சாதாரண ப்ளூடூத் என்றால் போன் செட்டிங்ஸில் இணைத்துவிட்டு, பின் நம்பராக 1234 அல்லது 0000 கொடுத்து, பிறகு டார்க், கார் ஸ்கேனர் போன்ற ஆப்பில் அந்த அடாப்டரைத் தேர்ந்தெடுங்கள். லோ எனர்ஜி வகையை ஆப்புக்குள்ளிருந்தே இணைக்க வேண்டும். வைஃபை வகையில் முகவரி பெரும்பாலும் 192.168.0.10, போர்ட் 35000. இந்த வைஃபையில் இன்டர்நெட் இல்லை என்று கண்டுகொண்டு போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவும். டேட்டாவை அணைத்துவிட்டால் சரியாகிவிடும்.

இணைந்தபின் உள்ளே நடப்பது ஒரு சின்ன உரையாடல். ஆப் 0105 என்று அனுப்பும். இன்ஜின் கூலன்ட் சூடு எவ்வளவு என்று அர்த்தம். 41 05 80 என்று பதில் வருகிறது என வைத்துக்கொள்ளுங்கள். கடைசி 80 கம்ப்யூட்டர்களின் பதினாறடிமான எண். நம் கணக்கில் 128. அதில் 40 கழித்தால் 88 டிகிரி. மைனஸ் 40 வரை குளிரும் ஊர்களுக்கும் பொருந்தவேண்டும் என்றுதான் அந்தக் கழித்தல்.

இனி கோடு. பி0420 வந்திருக்கிறதா? கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் செயல்திறன் குறைவு என்று ஆப் எழுதும். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் விலையைக் கேட்டாலே தலை சுற்றும். ஆனால் எதை மாற்ற வேண்டும் என்று கோடு சொல்வதில்லை; எந்தச் சோதனையில் வண்டி தோற்றது என்று மட்டுமே சொல்கிறது. இன்ஜின் சூடானபின் லைவ் கிராஃபில் கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சாரைப் பாருங்கள். கன்வெர்ட்டர் நன்றாக இருந்தால் அதன் கிராஃப் அதிகம் ஆடாமல் போகும். விடாமல் ஏறி இறங்கினால் கன்வெர்ட்டர் மேல் சந்தேகம் வரலாம். அப்போதும் சைலன்சர் குழாயில் கசிவோ, மிஸ்ஃபயரோ இல்லை என்று உறுதி செய்யாமல் பணத்தை எடுக்காதீர்கள். மிஸ்ஃபயருக்கு பி0300 வரிசையில் தனிக் கோடு உண்டு. அது கூடவே வந்திருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள்.

கோடுகளை அழிக்கும் பட்டன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். அவசரப்படாதீர்கள். கோளாறு பதிவான நொடியில் வேகம், ஆர்பிஎம், சூடு எவ்வளவு இருந்தன என்று வண்டி எடுத்து வைத்த குறிப்பும் அதோடு போய்விடும். மெக்கானிக்குக் காட்ட ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டு அப்புறம் அழிக்கலாம். பழுது இருந்தால் விளக்கு திரும்ப எரியத்தான் போகிறது.

வேலை முடிந்ததும் அடாப்டரைக் கழற்றி கிளவ் பாக்ஸில் போடுங்கள். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் அது பேட்டரியைக் குடிக்கும். 1234 தெரிந்த பக்கத்து பார்க்கிங்காரரும் உங்கள் வண்டியோடு பேசலாம்.

ஏபிஎஸ், ஏர்பேக் விளக்குகளைப் பற்றி இந்தப் பொதுவான ஆப்கள் பெரும்பாலும் வாய் திறக்காது. புகை விதிக்காகப் பிறந்த சாக்கெட்டில் சட்டம் பொதுவாக்கியது இன்ஜின் சங்கதிகளைத்தான். மற்றவை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அவற்றைப் படிக்க என்ன வழி என்பது அடுத்த வாரம்.