அட்டையிலேயே இருக்கிறது விலாசம்!

கோவையில் வலி மாத்திரையைப் போதைக்கு விற்ற வாலிபர்கள் கைது! சில ஆண்டுகளாக இந்தச் செய்தியைப் படித்துப் படித்து நமக்கே சலித்துவிட்டது. மேசை மேல் மாத்திரை அட்டைகள், பக்கத்தில் தலை குனிந்து நிற்கும் நாலு பிள்ளைகள், பின்னால் போலீசார். படம்கூட ஒன்றுதான். பிடிபடுகிறவன் பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளை. பெட்டி பெட்டியாகச் சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரி அந்தப் படத்தில் நிற்பது அரிதிலும் அரிது!

டேப்பென்டடால் என்ற இந்த மாத்திரை கடும் வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பது. சீட்டில்லாமல் விற்கக் கூடாது. இதைப் பொடித்து, கரைத்து, ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். மாத்திரையில் மருந்து மட்டுமா இருக்கிறது? அதைக் கட்டியாக்கச் சேர்த்த பொடியும் ரத்தத்தில் போய் நுரையீரலின் நுண்குழாய்களை அடைக்கிறது. ஒரே ஊசி நாலு கை மாறினால் எய்ட்ஸ் கிருமியும் மஞ்சள் காமாலையும் கூடவே வரும். அளவு மிஞ்சினால் மூச்சே நிற்கும். மில்லிலும் பவுண்டரியிலும் பனியன் கம்பெனியிலும் முதுகொடிய உழைத்து வளர்த்த பிள்ளை, ஐயா!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் பட்டியல் போட்டு வேலை செய்கிறது. 2018-ல் டிரமடால் என்ற வலி மருந்தை அதில் சேர்த்தார்கள். அதன் நெருங்கிய உறவான டேப்பென்டடாலை அப்போது சேர்க்கவில்லை. வியாபாரி சும்மா இருப்பானா? ஒரு கதவு மூடினால் அடுத்த கதவு! இங்கிலாந்திலும் இதே கூத்துதான். பல் வைத்தியத்துக்குப் பயன்படும் சிரிப்பு வாயுவைப் போதைக்கு விற்பதை 2016-லேயே தடுத்தார்கள். அது போதாமல் 2023 நவம்பரில் போதைப்பொருள் பட்டியலிலேயே சேர்த்து, விற்பவனுக்கு 14 ஆண்டு வரை சிறை என்றார்கள். ஆஸ்பத்திரிக்கும் சமையலுக்கும் விலக்கு உண்டு.

பட்டியலில் இல்லாத மருந்துக்கு நம் நாட்டில் 1940-ம் ஆண்டின் மருந்துச் சட்டம் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாமல் விற்றால் மூன்று முதல் ஐந்து ஆண்டு சிறை. ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம். ஆனால் இச்சட்டத்தின் கீழ் போலீசார் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முடியாது, அது மருந்து ஆய்வாளரின் வேலை என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. ஆகவே போலீசார் தீங்கு செய்யும் நோக்கத்தோடு மயக்க மருந்து கொடுத்தல் என்ற பிரிவைத் தேடி எடுக்கிறார்கள். வாங்குகிறவனே காசு கொடுத்துக் கேட்டு வாங்கும்போது, அந்த நோக்கத்தைக் கோர்ட்டில் எப்படி நிரூபிப்பது?

கஞ்சாவுக்கு விலாசம் கிடையாது. மாத்திரை அட்டைக்கோ உண்டு! தயாரித்தவர் பெயர், லைசென்ஸ் எண், தொகுதி எண் எல்லாம் அச்சாகியே வருகிறது. மொத்த வியாபாரி யாருக்கு விற்றார் என்பதற்குப் பில் வைத்திருக்க வேண்டும். சரக்கு வெளி மாநிலத்திலிருந்து வருகிறது என்று போலீசாரே சொல்கிறார்கள். அப்படியானால் எண்ணைப் பிடித்துக்கொண்டு பில் பில்லாக மேலே ஏறினால் பெரிய புள்ளியின் வாசலில் போய் நிற்கலாமே! முடியாத காரியமா? இதே மருந்தை வேறொன்றோடு கலந்து மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதி செய்ததை 2025 பிப்ரவரியில் பி.பி.சி. அம்பலப்படுத்தியதும், மத்திய சர்க்கார் அந்தக் கலவைக்கான உற்பத்தி, ஏற்றுமதி அனுமதிகளை உடனே ரத்து செய்ததே! வெளிநாட்டான் கேட்டால் ஓடும் பைல், சிங்காநல்லூர்க்காரன் கேட்டால் படுத்துக்கொள்வானேன்?

மருந்துக் கட்டுப்பாட்டு இலாகாவும் போலீசும் சேர்ந்தே சோதனைக்குப் போக வேண்டும். பிடிபட்ட ஒவ்வொரு அட்டையின் தொகுதி எண்ணும் எந்தக் கம்பெனி வரை போயிற்று என்பதை சர்க்கார் வெளியிட வேண்டும்.

தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. சந்தில் காலி அட்டை கிடந்தால் காலால் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். அதிலுள்ள எண்ணைக் குறித்து, கிளையின் பெயரில் மருந்து ஆய்வாளருக்கு எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் அசையாவிட்டால், பாதிக்கப்பட்டவரோ அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் சங்கமோ நேரே வழக்குத் தொடர அதே சட்டத்தின் 32-வது பிரிவு வழி விட்டிருக்கிறது.